கவாயி: முகம் சிவந்த ஒரு சொல்லின் வரலாறு

சில மாதங்களுக்கு முன் நம் வாசிப்பு வட்டத்தில் செய் ஷோனகோனின் 'தலையணைப் புத்தக'த்தை எடுத்துக்கொண்டோம். கி.பி. 1000ஆம் ஆண்டையொட்டி ஜப்பானிய அரசவையில் பணிபுரிந்த ஒரு பெண்மணி எழுதியது அந்நூல். கண்டது, கேட்டது, பிடித்தது, பிடிக்காதது என்று பட்டியல் பட்டியலாக எழுதிச் செல்வார். ஆங்கில மொழிபெயர்ப்புகள் இரண்டை அருகருகே வைத்துக்கொண்டு, பிடித்த பகுதிகளைத் தமிழில் எழுதிப் பார்ப்பது என்று முடிவு. மற்றவையெல்லாம் ஒருவாறு வந்துவிட்டன. ஒரு பகுதியின் தலைப்பில் மட்டும் சிக்கிக்கொண்டோம்.

அப்பகுதியில் வருபவை இவை. முலாம்பழத்தின்மேல் வரைந்த குழந்தை முகம். எலிபோல் ஒலியெழுப்பிக் கூப்பிட்டால் தத்தித் தத்தி வரும் சிட்டுக்குருவிக் குஞ்சு. விரைந்து தவழ்ந்து வரும் குழந்தை, தரையில் கிடக்கும் துளித் தூசியைக் கண்டு நின்று, பிஞ்சு விரல்களால் அதை எடுத்துப் பெரியவர்களிடம் காட்டுவது. பொம்மைகளுக்கான சிறு சாமான்கள். குளத்திலிருந்து எடுத்த மிகச்சிறிய தாமரை இலை. சிறியதாயிருப்பது எதுவாயினும் அது இவ்வகையில் சேரும் என்றும் சொல்லிவிடுகிறார்.

இவற்றையெல்லாம் ஒரே பெயரடையால் எப்படிச் சுட்டுவது? 'அழகானவை' என்றால் பொதுவாகப் போய்விடுகிறது. 'செல்லமானவை' என்றார் ஒருவர். தாமரை இலை எப்படிச் செல்லமாகும் என்று மற்றொருவர் மடக்கினார். 'கொஞ்சத் தோன்றுபவை' கொஞ்சம் நெருங்கி வந்தது. இளையவர் ஒருவர் கூச்சமில்லாமல் 'க்யூட்டானவை' என்றார். இன்றைய தமிழ்நாட்டில் இப்பொருளுக்கு அதிகம் புழங்கும் சொல் அதுதான் என்பதை நாம் மறுக்க முடியவில்லை.

மூலத்தில் 'கவாயி' என்றுதான் இருக்கும் என்று நம்மில் பலர் எண்ணியிருந்தோம். ஜப்பான் என்றதும் நினைவுக்கு வரும் சொல் அல்லவா அது! பூனைப் பொம்மைக்கும் கைக்குட்டைக்கும் இரயில் நிலைய அறிவிப்புப் பலகைக்கும்கூடப் பொருந்தும் அந்தப் பெயரடை. ஆனால் செய் ஷோனகோன் எழுதியிருப்பது 'உத்ஸுகுஷி' என்ற வேறொரு சொல். அவர் காலத்தை ஒட்டி உருவாகி வந்த 'கவாயி'யின் மூதாதைச் சொல்லைக் குழந்தையின் முகத்துக்குச் சூட்டியிருந்தால், கேட்டவர்கள் அக்குழந்தைக்கு என்ன துன்பம் நேர்ந்தது என்று பதறியிருப்பார்கள். அந்தப் பதற்றத்தின் கதையைத்தான் இக்கட்டுரையில் சொல்லப்போகிறோம்.

'கவாயி'யின் பழைய வடிவம் 'கவாயுஷி'. அதற்கும் முந்தையது, 'கவோ' என்ற சொல்லும் 'ஹயுஷி' என்ற சொல்லும் சேர்ந்த கூட்டு. 'கவோ' என்றால் முகம். 'ஹயுஷி' என்பது ஒளி பட்டுக் கூசுதல், எரிவதுபோல் சுடர்தல் என்ற பொருளுடையது. ஆக, சொல்லின் பிறவிப்பொருள் 'முகம் சுடுகிறது' என்பதே. வெட்கத்தால் முகத்தில் இரத்தம் ஏறும்போது உண்டாகும் அந்தச் சூடு. இந்தப் பெயரடை முதலில் வருணித்தது பார்க்கப்படும் பொருளை அன்று, பார்ப்பவரின் முகத்தை.

இப்பொருளில் இச்சொல்லை அழகாகக் கையாண்டவர் கென்ரேமோன்-இன் உக்யோ நோ தாய்பு என்ற அரசவைப் பெண்மணி. பேரரசியின் பணியில் இருந்தவர். இவர் காதலித்த தய்ரா நோ ஸுகேமோரி 1185இல் தன்-நோ-உரா கடற்போரில் தம் குலத்தாருடன் மடிந்துபோனார். அதன்பின் நெடுநாள் வாழ்ந்து, நினைவுகளைப் பாடல்களாகவும் குறிப்புகளாகவும் தொகுத்து வைத்தார். முதுமையில் யாரேனும் 'அப்படி ஏதும் எழுதி வைத்திருக்கிறீர்களா' என்று கேட்டால், மனத்தில் தோன்றியதை அப்படியே எழுதிவைத்ததைக் காட்ட 'கவாயுஷி'யாக இருந்ததால் கொஞ்சம் மட்டும் படியெடுத்துக் காட்டினாராம். கூச்சமாக இருந்தது என்பது பொருள். எழுதுகிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த முகச்சூடுதான் இது.

வெட்கத்தில் பிறந்த சொல் இரக்கத்துக்குத் தாவியது எப்படி? இங்கே 'கொஞ்ஜகு மொனொகதாரி' என்ற பெருந்தொகை நமக்கு உதவுகிறது. 12ஆம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்த, ஆயிரத்துக்கும் மேற்பட்ட கதைகளைக் கொண்ட தொகுப்பு. அதன் 26ஆம் பகுதியில், வடகிழக்கு நாடான முத்ஸுவில் நடக்கும் கதை ஒன்று உண்டு. மாற்றாந்தாய் ஒருத்தி, கணவனின் சிறுவயது மகனை ஒழித்துவிட வேண்டும் என்று ஏவலாள் ஒருவனைப் பிடிக்கிறாள். அவனும் ஒப்புக்கொண்டு சிறுவனை ஆளில்லாத காட்டுவெளிக்கு அழைத்துச் செல்கிறான். அங்கே போனதும் யோசனை. இந்தப் பிள்ளைமேல் வாளைப் பாய்ச்சுவதோ அம்பை எய்வதோ 'கவாயுஷி' என்று அவனுக்குத் தோன்றுகிறது. அதனால் வெட்டாமல், குழிக்குள் தள்ளி மூடிவிட்டுப் போய்விடுகிறான்.

சிறுவன் பிழைத்துக்கொள்கிறான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். மண்ணுக்கடியிலிருந்து வந்த முனகலைக் கேட்டு உறவினர் தோண்டி எடுத்துவிடுகிறார். ஆனால் இச்சொல் அந்த ஏவலாளின் மனத்தில் என்ன வேலை செய்தது என்று பாருங்கள். அவன் கையைத் தடுத்தது, கண்ணைத் திருப்பியது. செயலை மட்டும் தடுக்கவில்லை. பார்க்க முடியவில்லை என்பதற்காகப் பார்க்க வேண்டியிராத ஒரு வழியைத் தேடிக்கொண்டான், அவ்வளவே. 'கவாயி'யின் வரலாற்றை எழுதுகிற பலர் இந்தக் கதையை 'பரிதாபம் என்ற பொருளில் வந்த ஆட்சி' என்று ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். நமக்கோ, இச்சொல்லின் பிற்கால வாழ்வு முழுவதும் அந்தக் குழிக்கரையிலேயே தெரிவதாகப் படுகிறது.

இன்னொரு சான்று 14ஆம் நூற்றாண்டின் துறவி கென்கோ எழுதிய 'த்ஸுரெஸுரெகுஸ'விலிருந்து. 1330ஆம் ஆண்டையொட்டிய நூல். அதன் 175ஆம் பகுதி குடியின் கேடுகளைப் பற்றியது. நம் திருவள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரம் ஒதுக்கியதை நினைத்துக்கொள்ளலாம். குடித்துவிட்டுச் செய்யும் அலங்கோலங்களை வரிசையாகக் காட்டிவருகையில், காவியாடை போர்த்திய வயதான துறவி ஒருவர் தோன்றுகிறார். சிறுவன் ஒருவனின் தோளைப் பிடித்துக்கொண்டு, புரியாத சொற்களை உளறியபடி தள்ளாடிச் செல்கிறார். அந்தக் காட்சிக்குக் கென்கோ சூட்டும் அடைமொழி 'கவாயுஷி'. பார்க்கச் சகிக்கவில்லை என்கிறார். இன்றைய ஜப்பானியப் பள்ளிப் பிள்ளை பழைய இலக்கண உதவியில்லாமல் இதைப் படித்தால், குடிகாரத் தாத்தா 'க்யூட்டாக' இருக்கிறார் என்று கென்கோ ரசிப்பதாகவே எண்ணும்.

வெட்கம், இரக்கம், சகிக்கமுடியாமை என்று மூன்று பொருள்களாகப் பிரித்துக் காட்டினாலும், மூன்றிலும் உடல் செய்வது ஒரே காரியம். முகம் சூடேறுகிறது, பார்வை விலகுகிறது. தமிழில் இதற்கு நெருங்கிய தொடர் நம்மிடமே இருக்கிறது. ஒருவர் படும் பாட்டைக் கண்டு 'கண்கொண்டு பார்க்க முடியவில்லை' என்கிறோம். அதே கண்ணை வைத்தே பேரழகுக்குக் 'கண்கொள்ளாக் காட்சி' என்றும் சொல்கிறோம். கண்ணின் கொள்ளளவை மீறியது துன்பமாகவும் இருக்கலாம், இன்பமாகவும் இருக்கலாம் என்பதில் இரு மொழியினரும் ஒன்றுபடுகிறார்கள்.

இந்த வகையில் 'கவாயுஷி' தனித்த சொல்லும் அன்று. அதற்கு அக்காமார் பலர். எட்டாம் நூற்றாண்டின் 'மன்யோஷு' தொகையில் யமனோஉவே நோ ஒகுரா என்ற கவிஞர் இருக்கிறார். கியூஷு தீவில் சிகுஸென் நாட்டின் ஆளுநராக இருந்தவர். குடும்பத்தை உதறிவிட்டுத் திரியப்போகும் ஒருவனுக்கு அறிவுரையாக அவர் 728இல் இயற்றிய பாடலில், பெற்றோருக்கு மதிப்புணர்வைக் குறிக்கும் சொல்லைக் கொடுத்துவிட்டு, மனைவி மக்களுக்கு 'மெகுஷி', 'உத்ஸுகுஷி' என்ற இரண்டையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார். 'மெகுஷி' என்பதைக் 'கண்' என்ற சொல்லும் 'வருத்தம்' என்ற சொல்லும் சேர்ந்ததாகப் பிரிப்பார்கள். கண் நோகிறது, அதுவே அருமை. இச்சொல்லின் வழித்தோன்றலான 'மெங்கொய்', 'மென்கொய்' ஆகியவை ஜப்பானின் வடகிழக்கு வட்டாரங்களில் இன்றும் குழந்தைகளைக் கொஞ்சும் சொற்களாக வாழ்கின்றன.

'கனஷி' இன்னும் வியப்பானது. இன்றைய ஜப்பானிய மொழியில் 'கனஷீ' என்றால் சோகமான என்று மட்டுமே பொருள். மன்யோஷுவின் கிழக்கு நாட்டுப் பாடல்களில், தமா ஆற்றில் கைத்தறித் துணி அலசும் பெண்ணைக் குறித்து ஒருவன் உருகும்போது அவளைக் 'கனஷி' என்கிறான். அவள் சோகமாக இருக்கிறாள் என்பதன்று. அவள்மேல் கொண்ட அன்பு நெஞ்சை அடைக்கிறது. தலைநகர் மொழியில் அன்பு கழன்று விழுந்து துயரம் மட்டும் எஞ்சியது. தெற்கே ஒகினாவாவிலோ துயரம் கழன்று அன்பு எஞ்சியது; அங்கே 'கனஸன்' என்றால் அன்புக்குரிய என்று பொருள். ஒரு சொல்லைப் பங்குபோட்டுக்கொண்ட இரண்டு உடன்பிறப்புகள்.

'இதோஹோஷி' என்ற சொல் அரசவைக் காலத்தில் பரிதாபத்தைக் குறித்து, பின்னர் 'இதோஷீ' என்றாகி நேசத்துக்குரிய என்ற பொருளில் நிலைத்தது. 'ரோதஷி' என்ற சொல்லின் வேரிலோ உழைப்பும் நோவும் இருக்கின்றன. பேணிக் காக்க வேண்டும் என்ற உந்துதலை எழுப்பும் மெல்லிய அழகை அது குறித்தது. செய் ஷோனகோன், கையில் எடுத்த குழந்தை அப்படியே தூங்கிவிடும் காட்சியில் இச்சொல்லைப் பயன்படுத்துகிறார். குழந்தையைத் தூக்கி வளர்த்த எவருக்கும் அதிலுள்ள உழைப்பைப் பற்றி விளக்க வேண்டியதில்லை.

இவ்விடத்தில் ஒரு சிறு விலகல். வட்டத்து நண்பர் ஒருவர், 'கவாயி' நம் 'கவின்' என்பதிலிருந்து போயிருக்கலாமோ என்று உற்சாகமாகக் கிளப்பினார். தமிழ் வாசகர்களிடையே இப்படிக் கேட்பதற்கு ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு. கக்குஷூயின் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் ஓனோ ஸுஸுமு (1919–2008), ஜப்பானிய மொழிக்கும் தமிழுக்கும் உறவு உண்டென்று பல ஆண்டுகள் வாதாடினார். இரு மொழிகளின் ஒலி ஒப்புமைகளைப் பற்றிய அவருடைய நூல் 1980இல் வெளிவந்தது. பழைய ஜப்பானிய இலக்கியத்தை ஆழ்ந்து கற்ற பெரும்புலமையாளர் அவர். ஆயினும் அந்தக் கொள்கையை மொழியியலாளர்களில் மிகப் பெரும்பாலோர் ஏற்கவில்லை. 'கவாயி'யைப் பொறுத்தவரை நமக்கு அந்தப் பாலமே தேவைப்படவில்லை. அதன் பிறப்பும் வளர்ச்சியும் ஜப்பானிய ஏடுகளிலேயே படிப்படியாகத் தெரிகின்றன. 'கவின்' முதலிலிருந்தே அழகு. 'கவாயி' அழகிடம் வந்து சேர ஐந்து நூற்றாண்டுகளுக்கு மேல் நடந்தது. நண்பர் மனம் தளராமல் வேறு சொற்களைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

பரிதாபம் எப்போது பாசமாயிற்று? தெளிவான எல்லைக்கல் எதுவும் இல்லை. 14ஆம் நூற்றாண்டுக்குப்பின் நாடக மேடையிலும் பேச்சிலும் இரண்டு பொருளும் கலந்தே ஓடுகின்றன. ஆனால் ஒரு நல்ல சாட்சி நமக்குக் கிடைக்கிறது. நாகசாகியில் கிறித்துவப் பாதிரிமார் 1603–04இல் அச்சிட்ட ஜப்பானிய–போர்த்துக்கீசிய அகராதியில் ஏறத்தாழ 32,000 சொற்கள் உள்ளன. நம் வீரமாமுனிவரின் சதுரகராதிக்கு முந்தையது. தெருவில் கேட்ட பேச்சைக் காதில் விழுந்தபடியே இலத்தீன் எழுத்தில் பதிந்த நூல் என்பதால் அதன் சாட்சியம் மதிப்புடையது. 'கவாயி' அதில் இருக்கிறது. இரக்கத்தை எழுப்பக்கூடிய என்று விளக்கம் தந்திருக்கிறார்கள். அதாவது, தொகுகாவா ஆட்சி தொடங்கும் நேரத்திலும் வெளியாரின் காதில் இச்சொல் பரிதாபமாகவே ஒலித்திருக்கிறது.

அடுத்த இருநூறு ஆண்டுகளில்தான் பிரிவினை நடக்கிறது. பரிதாபப் பொருளைச் சுமப்பதற்கென்று 'கவாயிஸோ' என்ற தனிச்சொல் ஒதுங்கிக்கொள்ள, 'கவாயி' மெல்ல மெல்லக் கனம் குறைந்து மேலெழுகிறது. எழுத்திலும் இப்பிரிவினை பதிவாகியிருக்கிறது. நம்மை மிகவும் கவர்ந்தது இதுதான். ஜப்பானியர் தம் சொற்களுக்கு ஒலி பொருந்தும் சீன எழுத்துகளைத் தேடி அணிவிப்பது வழக்கம். 'கவாயி'க்கு அணிவித்த எழுத்துகளில் இரண்டாவது 'அய்' என்று ஒலிக்கும். அதன் பொருள் அன்பு. 'கவாயிஸோ'வுக்கு அணிவித்தவற்றிலும் இரண்டாவது எழுத்து 'அய்' என்றே ஒலிக்கும். ஆனால் அது வேறு எழுத்து, அதன் பொருள் துக்கம். ஒரே வேரிலிருந்து பிறந்த இரு சொற்கள் ஒரே ஒலியில் நின்றுகொண்டு, ஒன்று அன்பையும் மற்றது துக்கத்தையும் உடுத்திக்கொண்டன. ஏட்டில் பார்த்தால் உறவே தெரியாது. வாய்விட்டுச் சொன்னால் இன்றும் தெரிந்துவிடும்.

இடம் காலியானதும் இதற்கு ஒரு காரணம். செய் ஷோனகோன் சின்னஞ்சிறியவற்றுக்குச் சூட்டிய 'உத்ஸுகுஷி' இடைக்காலத்தின் இறுதியில் உயர்பதவிக்குப் போய்விட்டது. மலை, நிலவு, அரசகுமாரி என்று பொதுவான பேரழகைக் குறிக்கத் தொடங்கிற்று. குழந்தைக்கும் குருவிக்குஞ்சுக்கும் சொல்லில்லாமல் போன இடத்தில் 'கவாயி' வந்து அமர்ந்தது. அலுவலகத்தில் மேலதிகாரி மாற்றலாகிப் போக, அவர் நாற்காலியில் கீழ்நிலை எழுத்தர் அமர்ந்த கதை என்று வைத்துக்கொள்ளலாம்.

பழமொழிகளில் அந்தப் பழைய எழுத்தரின் குணம் போகவில்லை. உன் அருமைப் பிள்ளையைப் பயணம் அனுப்பு என்று ஒரு பழமொழி உண்டு. பயணமென்றால் கால்நடையும் வழித்துன்பமும் என்றிருந்த காலத்துச் சொல். பாசம் இருக்குமானால் துன்பப்படவிடு என்பது கருத்து. அருமை அளவு மீறினால் வெறுப்பு நூறு மடங்கு என்பது மற்றொன்று. இச்சொல்லிலிருந்து பிறந்த 'கவாயிகரு' என்ற வினை, கொஞ்சுதல், சீராட்டுதல் என்று பொருள்படும். ஆனால் சுமோ மல்யுத்தக் கூடங்களில் 'கவாயிகரி' என்றால் இளையவனைத் தரையில் புரட்டிப் புரட்டி எடுக்கும் கடும்பயிற்சிக்கு இடக்கரடக்கல். 2007இல் சுமோ கூடம் ஒன்றில் 17 வயது இளைஞர் அடி உதைக்குப்பின் இறந்துபோனபோது, இந்தச் செல்லச்சொல் செய்தித்தாள்களில் திரும்பத் திரும்ப அடிபட்டது. பயிற்சியாளர் நீதிமன்றத்தில் தண்டனை பெற்றார். முத்ஸு நாட்டின் குழிக்கரையை நாம் மறந்துவிட வேண்டாம் என்று சொன்னதற்கு இது ஒரு காரணம். சிறியவன் ஒருவன் முற்றிலும் நம் கையில் இருக்கிறான் என்ற நிலையிலிருந்துதான் இச்சொல் எழுகிறது. அந்தக் கை என்ன செய்யும் என்பதைச் சொல் தீர்மானிப்பதில்லை.

20ஆம் நூற்றாண்டின் கதை பலரும் எழுதியது, விரைந்து கடந்துவிடலாம். ஓவியர் தகெஹிஸா யுமெஜி 1914இல் தோக்கியோவின் நிஹோன்பாஷியில் மினதோயா என்ற கடையைத் திறந்து, தாம் வரைந்த வண்ணத்தாள்களையும் சிறுபொருள்களையும் இளம்பெண்களுக்கு விற்றார். 1970களில் பள்ளிச் சிறுமிகள் எழுத்துகளை உருட்டி உருட்டி, இடையே இதயமும் விண்மீனும் வரைந்து எழுதத் தொடங்கினார்கள். படிக்கமுடியவில்லை என்று சில பள்ளிகள் தடைகூடப் போட்டன. யமனே கஸுமா இந்த எழுத்தை ஆராய்ந்து 1986இல் தனி நூலே எழுதினார். 1974இல் ஸான்ரியோ நிறுவனத்துக்காக ஷிமிஸு யூகோ வரைந்த ஹலோ கிட்டி, அடுத்த ஆண்டு சில்லறைப் பையில் ஏறி உலகம் சுற்றக் கிளம்பியது. அதற்கு வாய் கிடையாது. 2009இல் ஜப்பானிய வெளியுறவு அமைச்சகம் மூன்று இளம்பெண்களைக் 'கவாயி'த் தூதுவர்களாகவே நியமித்தது. முகம் சிவந்து ஒதுங்கி நின்ற சொல் நாட்டின் சார்பில் கைகுலுக்கப் போயிற்று.

இவற்றுக்கிடையே நடந்த ஒரு நிகழ்ச்சியில் மட்டும் நாம் நிற்க வேண்டும். 1988 செப்டம்பரில் பேரரசர் ஹிரோஹிதோ நோயில் வீழ்ந்தார். நாடு முழுவதும் கொண்டாட்டங்கள் நிறுத்தப்பட்டன. அரண்மனை வாயிலில் வைக்கப்பட்ட பதிவேடுகளில் பெயர் எழுதி நலம் வேண்ட மக்கள் வரிசையில் நின்றார்கள். அவ்வரிசையில் பள்ளிச் சீருடையில் சிறுமியர் பலர் இருந்தனர். திறனாய்வாளர் ஓத்ஸுகா எய்ஜி அவர்களைக் கவனித்து, அவ்வாண்டு டிசம்பரில் 'சூஓ கோரோன்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். அச்சிறுமியர் பேரரசரைக் 'கவாயி' என்று குறிப்பிட்டார்கள் என்பதுதான் அதன் மையம். ஒரு காலத்தில் தெய்வமாக வணங்கப்பட்டவர். அவர் பெயரால் ஒரு பெரும்போரே நடந்தது. அவரை இந்தச் சொல்லாலா அழைப்பது என்று மூத்தவர்கள் திகைத்திருப்பார்கள். ஓத்ஸுகா வேறுவிதமாகப் பார்த்தார். தனிமையில் இறந்துகொண்டிருக்கும் ஒரு முதியவரில் அச்சிறுமியர் தம்முடைய நொய்ந்த, காப்பற்ற தனிமையையே கண்டார்கள் என்றார்.

அவர் கருத்தோடு உடன்படலாம், மறுக்கலாம். பேரரசரின் போர்க்காலப் பொறுப்பைப் பற்றிய வினாவை இந்தக் கொஞ்சல் மூடி மறைக்கிறது என்று சினந்தால் அதிலும் நியாயம் உண்டு. நாம் கவனிப்பது சொல்லின் நடத்தையை. கென்கோவின் தள்ளாடும் முதிய துறவிக்கு 14ஆம் நூற்றாண்டில் பொருந்திய அதே சொல், 650 ஆண்டுகளுக்குப்பின் 87 வயது முதியவரிடம் வந்து பொருந்தியது. சிறுமியர் பழைய இலக்கியம் படித்துவிட்டு அப்படிச் சொல்லவில்லை. சொல்லின் அடியில் இருந்த பழைய நீர் தானாக ஊறி மேலே வந்தது. பேரரசர் 1989 ஜனவரி 7ஆம் நாள் இறந்தார்.

யோமோதா இனுஹிகோ 2006இல் எழுதிய 'கவாயி' பற்றிய நூலும் இச்சொல்லின் ஒருபக்க வெளிச்சத்தோடு நின்றுவிடாமல் அருவருப்போடும் கொடூரத்தோடும் அது கொண்டுள்ள அண்டைவீட்டு உறவைப் பேசுகிறது. 'கிமோகவாயி' என்று இளைஞர் ஒரு கூட்டுச்சொல் வைத்திருக்கிறார்கள்: அருவருப்பாகவும் இருக்கிறது, விடவும் மனமில்லை. மாறாக, ஹிரோஷிமா பல்கலைக்கழகத்தின் நித்தோனோ ஹிரோஷியும் குழுவினரும் 2012இல் வெளியிட்ட ஆய்வு நம்மை மகிழ்வித்தது. நாய்க்குட்டி, பூனைக்குட்டிப் படங்களைப் பார்த்த மாணவர்கள், சிறுதுளைகளிலிருந்து நுண்பொருள்களை இடுக்கியால் எடுக்கும் விளையாட்டை முன்னைவிடக் கவனமாகச் செய்தார்களாம். வளர்ந்த நாய், பூனைப் படங்களைப் பார்த்தவர்களிடம் அந்த அளவு முன்னேற்றம் இல்லை. சிறியதைப் பார்த்த கை மென்மையாகிறது. முத்ஸுவின் ஏவலாள் கைக்கு நேர்ந்ததும் ஒருவேளை இதுதானோ, பாதி வழியில் நின்றுபோன மென்மை?

மீண்டும் தலையணைப் புத்தகத்துக்கு வருவோம். செய் ஷோனகோன் பணிபுரிந்தது பேரரசி தெய்ஷியின் அவையில். தெய்ஷியின் தந்தை 995இல் இறந்தார். மறு ஆண்டே அவருடைய உடன்பிறந்தோர் இருவர் நாடுகடத்தப்பட்டனர். அவரும் கூந்தலைக் களைந்து துறவு பூண்டார். பேரரசர் அவரைக் கைவிடாமல் மீண்டும் அழைத்துக்கொண்டாலும், 1000ஆம் ஆண்டில் அதிகாரம் மிக்க மிச்சினாகாவின் மகள் இன்னொரு பேரரசியாக அமர்த்தப்பட்டாள். அவ்வாண்டின் குளிர்காலத்தில், நம் கணக்குப்படி 1001 ஜனவரியில், மூன்றாம் குழந்தையைப் பெற்ற கையோடு தெய்ஷி இறந்துபோனார். இருபத்தைந்து வயதுகூட நிறைந்திருக்கவில்லை. அவருடைய குழந்தைகள் தவழ்ந்தும் தளர்நடை பயின்றும் அந்த மாளிகைகளில்தான் வளர்ந்தார்கள்.

இந்த வீழ்ச்சியைப் பற்றி நூலில் ஏறத்தாழ எதுவுமே இல்லை. தலைவியின் அறிவும் சிரிப்பும் அவையின் ஒளியும்தான் இருக்கின்றன. தலைநகரமே அவ்வீட்டைப் பார்த்து 'ஐயோ பாவம்' என்று சொல்லிக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. அதற்கான சொற்கள் அன்றைய மொழியில் நிறையவே இருந்தன. அவற்றைத் தம் தலைவியின்மேல் விழவிடக் கூடாது என்று செய் ஷோனகோன் உறுதி பூண்டிருந்தார் என்றே நமக்குப் படுகிறது. குழந்தை விரலில் ஒட்டிய தூசியைக் காட்டும்போதும், அதில் பரிதாபத்தின் நிழல் படியாத ஒரு சொல்லையே அவர் தேர்ந்தார்.

ஆகவே தலைப்பில் 'கவாயி'யின் சாயல் எதுவும் வேண்டாம் என்று முடிவாயிற்று. 'க்யூட்டானவை'யும் அத்துடன் போயிற்று. 'சின்னஞ்சிறியவை' என்று எழுதிவைத்திருக்கிறோம். கென்கோவின் கிழத்துறவிக்குக் 'கண்கொண்டு பார்க்க முடியவில்லை' என்பதை யாரும் மறுக்கவில்லை.